மாமனார் முதுகில் ஒன்றரை மைல்

கடைக்குப் போனால் எனக்குத் தேவையானது மட்டும் என் கண்ணில் படாது. கல்யாணமான புதிதில் இந்தக் குணம் முற்றிப்போயிருந்தது.

லைசென்ஸ் எடுத்தால் வேட்டைக்குப் போகலாம் என்றிருந்த அறுபதுகள். நான் குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கிளார்க். மாமனார் லவ்டேலுக்குக் கீழே இரண்டு ஏக்கரில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார். அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில் ஒரு காட்டுப்பன்றி வந்து தோண்டித் தின்ன ஆரம்பித்தது. பகலில் அது படுத்திருக்கும் காட்டுக்கே போய்ச் சுட்டுவிடலாம் என்று என்னைத் துணைக்கு அழைத்தார்.

"துப்பாக்கி எங்கிட்ட இருக்குதுங்க மாப்ள. நீங்க மொதல்ல நல்ல பூட்ஸ் வாங்குங்க. அப்புறம் மழைக்கோட்டு. காசு மிஞ்சுனா மத்ததப் பாக்கலாம்."

காசு மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். அதனால் மற்றதை முதலில் வாங்கிவிட்டேன். (சீமைக்குத் திரும்பிய ஏதோ ஒரு துரை ஊட்டியில் விற்றுவிட்டுப் போன பைனாகுலரும் தொப்பியும்.) மிச்சக் காசுக்குக் கேன்வாஸ் ஷூதான் கிடைத்தது. மழைக்கோட்டு கடையிலேயே இருந்துவிட்டது.

மாமனார் என்னைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். காலுக்கு வந்ததும் பார்வை நின்றது. புது மாப்பிள்ளையாயிற்றே என்று துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

காட்டுக்குள் நுழைந்ததுமே மழை. ஷூவுக்குள் அட்டைகள் குடியேறின. தொப்பி ஊறி மூக்குவரை இறங்கியது. இரண்டு மணி நேரம் நடந்தபின் மாமனார் கையமர்த்தினார். எதிர்ச்சரிவில் பன்றி, எங்கள் பக்கமாக மெல்ல மேய்ந்து வந்தது. குண்டு எட்டும் தூரத்துக்கு வரட்டும் என்று அவர் காத்திருந்தார். நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். பன்றியின் கோரைப்பல் என் மூக்கருகே இருந்தது.

"மாமா, மேல வந்துருச்சுங்க" என்று அலறிக்கொண்டு ஓடினேன். (அது இருநூறு கஜத்துக்கு அப்பால் இருந்ததாம்.) நாலாவது எட்டில் ஷூவின் அடிப்பாகம் பிய்ந்தது. கணுக்கால் பிசகியது. பன்றி வந்த வழியே போய்விட்டது.

மாமனார் தோட்டாவை உருவிவிட்டுத் துப்பாக்கியை என்னிடம் கொடுத்தார். பிறகு முன்னால் வந்து குனிந்தார்.

"ஏறுங்க மாப்ள."

"வேண்டாங்க மாமா, நடந்துருவேன்."

"எதப் போட்டுட்டு நடப்பீங்க?"

ஐம்பத்தைந்து வயது மனிதர், என்னைச் சுமந்துகொண்டு ஒன்றரை மைல் தேயிலைத் தோட்டத்தின் வழியே இறங்கினார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வரிசையாக நிமிர்ந்தார்கள்.

"ஏனுங்க, என்ன கெடச்சுதுங்க வேட்டையில?" என்றாள் ஒருத்தி.

மாமனார் மூச்சு வாங்கிக்கொண்டே, "மாப்பிள்ளைங்க" என்றார்.

அந்த வாரமே பன்றி பாதிக் கிழங்கை முடித்துவிட்டது. அதைப் பற்றி அவர் கடைசிவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போதிருக்கும் எங்கள் வீட்டுக்கு நாற்பது படி ஏற வேண்டும். எனக்கோ மூட்டுவலி. என் மகளின் கணவர் ஒவ்வொரு முறையும் படியடியில் நின்று, மிகுந்த மரியாதையோடு முதுகைக் காட்டிக் குனிந்து, "ஏறுங்க மாமா" என்பார். பின்னால் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். நாற்பது படியையும் வலிக்காத மாதிரியே ஏறிவிடுவேன்.