நெவில் துரையின் நால்வகை வாக்கியங்கள்

ஆங்கிலேயர்களாகிய நாங்கள் மனித குலத்துக்கு அளித்த கொடைகளுள் தலையாயது ரயிலும் அன்று, கிரிக்கெட்டும் அன்று. வாக்கியங்கள் நான்கே வகை என்ற மகத்தான உண்மைதான். செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி. யார்க்‌ஷையரில் இவ்வுண்மையின் தன்னிகரற்ற காவலர், எங்கள் பள்ளியின் இலக்கண ஆசிரியர் நெவில் ஆஷ்வொர்த். யார் வாய் திறந்தாலும் வகை பிரித்துவிட்டுத்தான் அவருக்கு மறுவேலை.

இசை ஆசிரியை டாஃப்னி என்றால் அவருக்கு உயிர். அவளுக்கும் அப்படியே. ஆனால் எங்கள் ஊரில் ஆசையை நேராகச் சொல்வது அநாகரிகம். ஜன்னலை மூடச் சொல்வதற்கே, "கொஞ்சம் குளிருதில்ல?" என்றுதான் கேட்போம்.

ஒரு வெள்ளிக்கிழமை டாஃப்னி தேநீரும் கையுமாக அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நெவில், எனக்கு நாட்டோட தென்கோடில, கார்ன்வால்ல வேலை கிடைச்சிருக்கு. நாளைக்குக் காலைல ரயில்."

நெவில் தன் தேநீரில் இரண்டாம் முறையாகச் சர்க்கரை போட்டார். ஆனாலும் கடமை கடமைதானே! "இரண்டும் செய்தி வாக்கியம்," என்றார்.

"நான் போகணுமா?"

"வினா வாக்கியம்."

"அது தெரியுது. பதில்?"

"'ஆமா', 'இல்ல' ரெண்டுல ஒண்ணு வரணும். அந்த வகை வினா இது," என்றார் பெருமையாக.

அவள் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தாள். அது உடைந்து உள்ளே விழுந்தது.

"'இரு'ன்னு ஒருத்தர் சொன்னா இருந்துடுவேன்."

"ஐயையோ, 'இரு' கட்டளை வாக்கியமாச்சே! ஒரு பெண்ணுக்குப் போய் நான் கட்டளை போடறதா?"

"நல்லா இருங்க, நெவில்," என்று எழுந்தாள் அவள்.

"இதுவும் கட்டளைதான், வடிவத்துல," என்றார் நெவில். அவள் போன பிறகுதான் பாவி மனிதருக்கு உறைத்தது.

மறுநாள் காலை மழையில் தொப்பலாக நனைந்து ரயில் நிலையத்துக்கு ஓடினார். டாஃப்னி ரயில் பெட்டியின் வாசலில் நின்றிருந்தாள். கார்டு விசில் ஊதிவிட்டார். 'இரு' என்ற இரண்டே எழுத்து, தொண்டையைத் தாண்டவில்லை. மிச்சமிருந்தது நான்காவது வகைதான். அந்த வகை 'என்ன', 'எப்பேர்ப்பட்ட' என்றுதான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வில் அவரே மதிப்பெண் தரமாட்டார். நெவில் விதி பிசகாமல் கதறினார்:

"எப்பேர்ப்பட்ட முட்டாள் நான்!"

டாஃப்னி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சாத்துவதற்காகக் கதவில் கை வைத்தாள்.

"இது உணர்ச்சி வாக்கியம் இல்ல, நெவில். செய்தி."