செய்து காட்டிய இங்கிலீஷ்

மனைவி வேலைக்குப் போகாமல் தடுக்க அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் இங்கிலீஷ்தான்.

"போகாதே" என்று சொல்லும் துணிச்சல் கல்யாணமான நாளிலிருந்தே கிடையாது. இங்கிலீஷ் செய்தித்தாளில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். இன், ஆன், அட் எல்லாம் அவரைக் கேட்டுத்தான் உட்காரும். ஓய்வு என்றால் நாற்காலி, பேப்பர், வேளாவேளைக்கு டீ. அவள் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசை வேலைக்குப் போய்விட்டால் டீ யார் போடுவது?

"இன்டர்வியூல இங்கிலீஷ் கேப்பாங்க. நான் சொல்லித் தர்றேன்," என்றார். இரண்டு பாடத்தில் பயந்து ஓடிவிடுவாள் என்பது திட்டம்.

"கார்னா இன். பஸ்னா ஆன்."

"பஸ்லயும் உள்ளதானே உக்கார்றோம்? கூரை மேலயா?"

"அது அப்படித்தான்."

"யாரு சொன்னா?"

இத்தனை வருஷம் திருத்தியவர், ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. உற்றுப் பார்க்கப் பார்க்க அந்தப் பொடி வார்த்தைகள் மேல் பிரமிப்பு வந்தது. எறும்பு சைஸில் இருந்துகொண்டு எவ்வளவு பெரிய வினைச்சொல்லை எங்கெல்லாம் இழுத்துப் போகின்றன! புட் ஆன் என்றால் உடுத்துவது. புட் அவே என்றால் எடுத்து வைப்பது. புட் அப் வித் என்றால்...

"பொறுத்துப் போறது. அது எனக்கு நல்லாத் தெரியும்," என்றாள். "மத்ததெல்லாம் மனசுல நிக்கலைங்க. செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினார். டர்ன் ஆனுக்கு அடுப்பைப் பற்றவைத்தார். ஃபில் அப்புக்குக் குடத்தை நிரப்பினார். கட் அப்புக்குக் காய் நறுக்கினார். வெயிட் ஃபாருக்குப் பால் பொங்கும்வரை அடுப்படியிலேயே நின்றார்.

"வைப் டவுன்?"

"நேத்துதானே மேடையைத் துடைச்சுக் காட்டினேன்?"

"மறந்துபோச்சு. அந்த மூலையையும் சேத்து."

பாடம் நாளுக்கு நாள் நீண்டது. அவள் நாற்காலியில், வாத்தியார் சமையலறையில். மண்டையில் ஒன்றும் ஏறவில்லை என்று வாத்தியாருக்கு உள்ளூரக் குஷி.

ஒரு காலை அவர் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் போன் அடித்தது. அவள் எடுத்து இங்கிலீஷில் பேசினாள். அவர் கரண்டியோடு வந்து நின்றுவிட்டார். கிழமைக்கு ஆன் வந்தது. மணிக்கு அட் வந்தது. லுக்கிங் ஃபார்வர்ட் டு என்று ஆரம்பித்து, ஜாயின் என்று சறுக்காமல் ஜாயினிங் என்று முடித்தாள். பத்திரிகை ஆசிரியரே தடுக்கி விழும் இடம் அது. என்ன பேசினாள் என்பது காதில் ஏறவில்லை. பிழை திருத்துகிறவனுக்குக் கண் எழுத்தில்தான், செய்தியில் இல்லை.

அவருக்குக் கண் கலங்கியது. திட்டமாவது, டீயாவது.

"ஒரு தப்புகூட இல்லையே. எப்படிம்மா?"

"நீங்க சாப்பிடும்போதுகூட சத்தமா திருத்திக்கிட்டேதானே இருப்பீங்க. எனக்கும் காது இருக்கில்ல?"

"இனிமே பயமே வேண்டாம். தைரியமா இன்டர்வியூ போ. வேலை உனக்குத்தான்."

"அது போன மாசமே கிடைச்சாச்சுங்க. வீட்டுல ஒருத்தரைப் பழக்கணும், கொஞ்சம் டைம் குடுங்கன்னு கேட்டிருந்தேன். முடிஞ்சிடுச்சான்னு இப்ப கேட்டாங்க. சோறு வடிக்கிற வரைக்கும் வந்தாச்சுன்னு சொல்லிட்டேன்."