கள்ள உபதேசத்துக்குச் சிவப்பு வட்டம்

பாஸ்டர் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பிழைதிருத்துநர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை உருவிவிட்டார். ஆராதனைத் தாளின் ஓரத்தில் அதை எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்டார்.

"படுத்திருக்கிறவரோட விசுவாசம் எவ்வளவுன்னு அளக்கப் போகாதீங்க. அவருக்கு மருந்து வாங்கிக் கொடுக்கப் போங்க."

ஆயுசு முழுக்க அச்சகத்தில் அடுத்தவர் எழுத்தில் தப்புக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு திருத்துவதற்கு ஒன்றும் கிடைக்காமல் கை அரித்துக்கொண்டிருந்த சமயம் பார்த்து, சபைக்கு இந்த இளம் பாஸ்டர் வந்து சேர்ந்தார்.

"விசுவாசத்தைவிட மாத்திரை பெருசாம். பச்சையான கள்ள உபதேசம்," என்றார் வீட்டுக்கு நடக்கும்போது.

தினமும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கும் மனைவி, தனக்கென்னவோ அது சரியாகத்தான் படுகிறது என்றாள்.

"பெரிய பாஸ்டர் காலத்துல இப்படி ஒரு பேச்சு வந்திருக்குமா?"

மறைந்துபோன பெரிய பாஸ்டரை நினைத்ததும் அவருக்குக் குரல் இளகிவிட்டது. அது ஒரு காலம். மழை நாளில் வாசலில் சாத்திவைத்த குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டும். பழைய மின்விசிறி தலைக்கு மேலே தாளம் தப்பாமல் முனகும். பெஞ்சில் பாலிஷ் வாசனை. பெரிய பாஸ்டரின் குரல் கனத்து, லேசாக நடுங்கி, நெஞ்சுக்குள் இறங்கும். அச்சகத்துத் தொல்லை, வீட்டுக் கவலை எல்லாம் எங்கேயோ போய்விடும். ஆராதனை முடிந்து எழுந்தால் உடம்பே புதிதாக இருக்கும். அந்த நிம்மதி இப்போது எங்கே கிடைக்கிறது?

மறுநாளே போய் இளம் பாஸ்டரைப் பிடித்துக்கொண்டார். அவரைப் பேசவே விடவில்லை. கடைசியில் கிடைத்த இடைவெளியில் பாஸ்டர் தாழ்மையாக, "மனசு வருத்தப்பட்டிருந்தா மன்னிச்சுக்கங்க ஐயா. ஆனா அந்த வாக்கியத்தை மட்டும் என்னால மாத்த முடியாது," என்றார்.

பிழைதிருத்துநரிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. விஷயம் சபைக் கமிட்டிக்குப் போயிற்று. கமிட்டிக்காரர்கள் நெளிந்தார்கள். ஒரு வாரம் சிறப்புக் கூட்டம் வைக்கலாம், நல்ல பிரசங்கியாராகப் பார்த்து அவரே கூட்டிவரட்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள்.

அவர் கைப்பேசியில் தேடினார். ஒருவர் மேடையில் குதித்தார், ஒருவர் அதட்டினார். வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் வந்ததும் இவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதே கனம், அதே நடுக்கம். இதற்கு மேல் என்ன பரிசோதனை வேண்டும்? வரச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் கோட்டுக்காரர் அழுதார். சபையும் அழுதது. எல்லாரையும்விடப் பிழைதிருத்துநர் ஒரு பங்கு கூடுதலாக அழுதார்.

இரண்டாம் நாள் கோட்டுக்காரர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "வாயில விசுவாசம், கைப்பையில மாத்திரை. அப்படி ஒருத்தர் இங்க இருக்கீங்க," என்றார். வயதானவர்கள் நிறைந்த சபை. பாதிப் பேர் கைப்பையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்கள். மனைவி பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். கணவர் கண்கலங்கித் தலையாட்டிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் எழுந்துபோய் மாத்திரை அட்டைகளை மேடையில் வைத்துவிட்டு வந்தாள்.

அன்றைக்கு அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்ததும் கோட்டுக்காரரிடம் ஓடினார். விசுவாசத்தில் ஓட்டை இருக்கிறது, உபவாசம் போடுங்கள் என்றார் அவர். அவளும் போட்டாள்.

கடைசி நாள், பாடுவதற்கு எழுந்தவள் அப்படியே சரிந்தாள்.

"கிட்டப் போகாதீங்க, அவிசுவாசம் வெளியே போகுது," என்றது ஒலிபெருக்கி.

இளம் பாஸ்டர் வாதாடவில்லை. "மைக்கை அணைங்க," என்று மட்டும் சொன்னார். அவளைத் தூக்கிக் காரில் கிடத்தினார். பிழைதிருத்துநரையும் கையைப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. அவர்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் வெள்ளைக் கோட்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டதாம்.

நேரத்துக்குக் கொண்டுவந்தீர்கள், பிழைத்தார்கள் என்றார் டாக்டர். இளம் பாஸ்டர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார். பிழைதிருத்துநர் கட்டிலருகே உட்கார்ந்து, மனைவியின் கையை விடாமல் பிடித்திருந்தார். அவள் கண் விழித்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

மறுநாள் பெரிய பாஸ்டரின் மனைவி கைத்தடியை ஊன்றிக்கொண்டு பார்க்க வந்தார். அந்த வயதான அம்மாவைக் கண்டதும் பிழைதிருத்துநர் உடைந்துபோனார். எல்லாம் தன்னால் வந்த வினை என்று ஒன்றுவிடாமல் கொட்டினார்.

"இளம் பாஸ்டர் சொன்னதுதான் சரி, பாஸ்டரம்மா. ஒத்துக்கறேன். ஆனா பெரிய பாஸ்டர் அந்தக் காலத்துலயே இந்த ஒரு வார்த்தையை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தா, நான் இப்படி ஏமாந்திருக்க மாட்டேன்."

அந்த அம்மா நோயாளியின் போர்வையைச் சரிசெய்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அதைச் சொன்னதே அவர்தான், தம்பி. அவரோட பிரசங்கத்தையெல்லாம் கேசட்டுல பதிஞ்சு வெச்சிருக்கேன், இந்தப் பாஸ்டர் வாராவாரம் வந்து கேட்டுட்டுப் போறார். அந்த மருந்து வாக்கியத்துக்கு நடுவுல ஒரு குறட்டை வரும், அதுதான் நீங்க."