மப்ளர் அண்ணையும் மலைக்குருவியும்

பாரிஸில் குளிருக்கு அதிகம் பயந்த மனிதர் யாரென்று கேட்டால் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெரு முழுக்க ஒரே பதில்தான்: மப்ளர் அண்ணை. சொந்தப் பெயர் அவருடைய வதிவிட அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஆடி வெயிலில் ஊரே வியர்த்து வழிய, இவர் மப்ளரால் காதை இறுக்கி மூடிக்கொண்டு கடையில் வெண்டிக்காய் முறித்துப் பார்ப்பார். பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் நாங்கள் இருவரும் ஒரே அறை. அந்த அறையின் யன்னல் திறக்கும் என்பதே எனக்கு மூன்று வருடம் தெரியாது.

2012 குளிர்காலத்தில் மேல்வீட்டுக் கமரூன் மதாம் தாயைப் பார்க்க ஊருக்குப் போனார். போகும்போது தன் குருவிக்கூட்டை அண்ணையிடம் ஒப்படைத்தார். உள்ளே ஒரேயொரு குருவி: மஞ்சள் உடம்பு, கறுத்த தலை, செம்மஞ்சள் சொண்டு. மதாமின் ஊர் மலைக்காட்டுச் சாதிக் குருவியாம். தனியாக இருக்கும் அந்த மனிசிக்கு வீட்டில் பேச்சுத்துணை அது ஒன்றுதான்.

"ஆபிரிக்காக் குருவியடா, குளிர் தாங்காது" என்று அண்ணை ஹீற்றரைக் கடைசிவரை திருப்பினார். கூட்டைச் சுற்றிக் கம்பளி. தண்ணீர்க் கிண்ணத்தில் தடிமனுக்கு நல்லதென்று கொத்தமல்லி அவித்த மல்லித்தண்ணி. எனக்கு அறைக்குள்ளேயே ஆடி மாதம் வந்துவிட்டது.

நாலாம் நாள் குருவி பாட்டை நிறுத்தி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது.

"அண்ணை, அதுக்குப் புழுங்குது போலை."

"விசரே உனக்கு? நடுங்குது பார்!" என்று வேது பிடிக்கத் தண்ணீர் கொதிக்க வைத்தார்.

அடுத்த நாள் அது தீனையும் தொடவில்லை. "மதாமுக்கு என்ன முகத்தைக் காட்டுறது?" அண்ணையின் கண் கலங்கிவிட்டது. நான்தான் போன் போட்டேன். விஷயத்தைக் கேட்ட மதாம் பிரெஞ்சில் கத்திய கத்தலில் குருவியே திரும்பிப் பார்த்தது.

"என்னவாம்?"

"அவையின்ரை மலையிலை விடியக்காலமை மனிசரே ஸ்வெற்றர் போடுவினமாம். காடு முழுக்கப் பனிப்புகாராம். குருவியை அவிக்கிறியளோ எண்டு கேக்கிறா."

அண்ணை ஹீற்றரை நிறுத்தினார். மல்லித்தண்ணியைக் கொட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீர் வைத்தார். யன்னலோடு மல்லுக்கட்டி அதைத் திறந்தார். பிறகு மூன்று ஜக்கெற், அதற்கு மேல் குருவியின் கம்பளி, பல் கிடுகிடுக்கக் கூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

"கொஞ்சம் சாத்தட்டோ அண்ணை?"

"கை வைச்சியெண்டால் முறிப்பன்!"

மூன்றாம் நாள் காலை குருவி மெல்ல ஒரு விசில் அடித்தது. பிறகு நிறுத்தாமல் பாடியது. "குளிருக்குக் கண்ணாலை தண்ணி வருது" என்றார் அண்ணை. நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

மதாம் திரும்பி வந்து குருவியை மேலே கொண்டுபோனார். அப்பாடா என்று நான் யன்னலைச் சாத்தப் போனேன்.

"விடடா, பூட்டாதை. பூட்டினால் மேலை அது பாடுறது கேக்காது."

நான் ஜக்கெற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் போய் இருந்தேன். அந்த மனிதரோடு சேர்ந்து நடுங்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.