சுண்ணாம்பு இன்ஜினியர் கட்டாத சுவர்

எழுபதுகளில் கோவில்பட்டியில் வீடு கட்டியவர்களில், இல்லாத சுவரில் முட்டிக்கொண்டதற்காகத் திட்டு வாங்காத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. திட்டியவர் சுண்ணாம்பு இன்ஜினியர். வீட்டுக்குப் பிளான் போட்டுத் தருவது அவர் தொழில்.

முதலில் வெறும் மனையில் சுண்ணாம்புப் பொடியால் அறை அறையாகக் கோடு கிழிப்பார். குடும்பத்தோடு ஒரு பகல் அந்தக் கோடுகளுக்குள் குடியிருந்து காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பென்சிலைத் தொடுவார்.

நாங்களும் குடியிருந்தோம். கரிசல் வெடிப்பில் கால் இடறி நான் கோட்டை மிதித்துவிட்டேன்.

"சுவத்துக்குள்ள நிக்குதீங்க அண்ணாச்சி. வாசல் அங்கன இருக்கு."

சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தேன். செருப்பை வெளியே விடச் சொன்னார்.

கடலைமிட்டாய் வியாபாரம் செய்த அண்ணன் தம்பி இருவர் அவரிடம் போனார்கள். அப்பா விட்டுப்போன மனை. இருவருக்கும் ஒரு வருஷமாகப் பேச்சில்லை. நடுவில் சுவர் வைத்து இரண்டு வீடு வேண்டுமாம். இன்ஜினியர் நடுக்கோடு போட்டு, இரண்டு பக்கமும் அடுப்பு மூட்டச் சொன்னார். வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டது.

தம்பி தண்ணீர் எடுக்கப் போன நேரம் காற்று சுழன்றடித்தது. பொறி பறந்து தம்பி மனைவியின் சேலை முந்தி பற்றிக்கொண்டது. அண்ணன் தன் பக்கத்து மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சலில் வந்து அவள்மேல் கவிழ்த்தார். தீ அணைந்தது. அவளுக்குக் காயமில்லை.

இன்ஜினியர் கிட்டே வந்து பார்த்தார். "சுவத்தத் தாண்டிட்டீங்களே அண்ணாச்சி."

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. "நெசச் சுவருன்னா தாண்ட முடியாதுல்லா?"

"முடியாது. ஒம்பது இஞ்சு சுவரு."

குடத்தோடு ஓடிவந்த தம்பியின் காதிலும் அது விழுந்தது. குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் காலாலேயே கோட்டை அழித்தார்.

"அண்ணே, இங்கனயே சாப்பிடுங்க. ஒங்க மோருதான் போயிருச்சே."

ஒரே வீடாகக் கட்டினார்கள்.

இன்ஜினியர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை லாட்ஜ் அறையில்தான் இருந்தார். ஒருநாள் கேட்டேன், "ஒங்களுக்குன்னு ஒரு வீடு கட்டலையா?"

"கோடு போட்டுப் பாத்தேன். உள்ள போயி உக்காந்தேன். சண்டை போடக்கூட ஆளில்ல. எந்திரிச்சு வந்துட்டேன்."

அந்த வாரத்திலிருந்து ஞாயிறுதோறும் சாப்பாட்டுக்கு அவரை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னோம். வந்தார். ரசத்தில் புளி தூக்கல் என்று என் மனைவியோடு மல்லுக்கு நின்றார். அவளும் விடவில்லை.

அவர் இருந்தவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை ரசத்தில் அவள் புளியைக் குறைக்கவே இல்லை.