நூற்றுப் பன்னிரண்டு படிக்குக் கீழே

கூரையின் மேல் நின்றுகொண்டு வாசற்படியைத் தேடிக்கொண்டிருந்தாள் சுசீலா.

"வாசல் கீழ இருக்குதுங்கக்கா. மேல ரோடு, கீழ ஊடு. மழை பெஞ்சா மொதல்ல கூரை நனையும், அப்புறந்தான் நீங்க" என்றார் வீட்டுத் தரகர் மனுவேல், அது ஏதோ கூடுதல் வசதி என்பதுபோல.

குன்னூரில் அவர்கள் பார்க்கும் பதினோராவது வீடு அது. சுசீலாவின் கணவன் கருணாகரன் கூரை விளிம்பில் நின்று எதிர் மலையைக் காட்டினான்.

"அந்தா பாரு, செவப்புக் கூரை. ஸ்கூல் மணி கூடக் கேக்குது. இதைவிடப் பக்கத்துல எங்க கெடைக்கும்?"

அவனுடைய தாய்மாமா நாச்சிமுத்து எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே கூரையைக் காலால் தட்டிப் பார்த்தார். கோயம்புத்தூரில் இரும்புக் கடை வைத்திருப்பவர். ஒவ்வொரு ஞாயிறும் முதல் பஸ்ஸில் மலையேறி, கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைக் காலி செய்துவிட்டு, வீடு பார்க்க வந்து நிற்பார்.

"ரோட்டு மேலயே இருக்குது. செரி. ஆனா மாப்ளே, நாளைக்கு விக்கோணும்னா எவன் வாங்குவான்?"

"இன்னும் நாமளே வாங்கலீங்களே மாமா" என்றாள் சுசீலா.

"வாங்கறதுக்கு முன்னாலயே விக்கறதை யோசிக்கோணும் அம்மிணி."

கல்யாணத்துக்கு வாங்கிய ஸ்கூட்டரைப் பார்த்தும், கட்டிலைப் பார்த்தும் அவர் கேட்ட கேள்விதான் அது. தாலியைப் பார்த்தும் கேட்டிருப்பார், மேளச் சத்தத்தில் முடியவில்லை.

சுசீலாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மகள் கோகிலாவுக்கு மலர்மேடு பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் ஓர் இடம். கோகிலா இப்போது படிப்பது, வெலிங்டனில் அவர்களுடைய வாடகை வீட்டுக்கு எதிரே இருந்த அரசுப் பள்ளியில். தகரக் கூரை. மழை வந்தால் டீச்சர் வாயசைப்பது மட்டும் தெரியும். மலர்மேட்டிலோ பியானோ இருந்தது. ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால் முதலில் இடம் என்று விதியும் இருந்தது. கீழ் கோத்தகிரியில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒரே பஸ் நின்றுபோனதால் எட்டாவதோடு நின்றுபோனவள் சுசீலா. மகளுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு பஸ் இருக்கக் கூடாது என்பது அவள் பிடிவாதம்.

திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்துக்குப் போனாள். குமாஸ்தா ரோஸ்மேரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தாள்.

"இது நாலு கிலோமீட்டருங்க. நடுவுல பள்ளம் இருக்குதில்ல? சுத்தித்தான் வரோணும்."

"எதுத்தாப்லயே தெரியுதுங்களே!"

"தெரிஞ்சா பக்கம்னு ஆயிருமா? எங்க மாடியிலிருந்து பாத்தா மேட்டுப்பாளையமே தெரியுது. அவிங்களுக்கெல்லாம் சீட்டு குடுக்க முடியுங்களா?"

பன்னிரண்டாவது வீட்டை மனுவேல் காட்டியபோது சுசீலா சுவரைத் தொட்டே பார்த்துவிட்டாள். பள்ளிச் சுவரும் வீட்டுச் சுவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றன. வீட்டுக்காரர் பாலசுப்பிரமணியம் அதே பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். ஒரே ஒரு குறை. ரோட்டிலிருந்து நூற்றுப் பன்னிரண்டு படி இறங்க வேண்டும். ஸ்கூட்டர் வராது, ஆட்டோ வராது. விறகுக்காரன்கூட மேலேயே நின்று கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவான்.

மாமா இறங்கும்போது படிகளை எண்ணினார். ஏறும்போது எழுபதாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.

"விக்கறது அப்புறம் இருக்கட்டும் மாப்ளே. மொதல்ல என்னைய மேல கொண்டுபோய்ச் சேத்துரு."

இங்கேதான் கருணாகரனுக்கு யோசனை உதித்தது. ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தா. மனு எழுதுவதில் அவனை மிஞ்ச வெலிங்டனில் ஆளில்லை. "ரோடு வந்துட்டா மாமாவுக்கும் திருப்தி, உனக்கும் திருப்தி" என்றவன் ராவோடு ராவாக எழுதினான். மேற்படி பகுதிவாழ் மக்கள் பல்லாண்டுகளாகச் சொல்லொணாத் துயருற்று வருவதாகவும், கர்ப்பிணிகளைத் தொட்டிலில் தூக்கிச் செல்வதாகவும் எழுதி, அந்தச் சரிவில் நாற்பத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினான். இருபது வருஷமாகப் படியேறி ரோட்டுக்குப் போகாத மூக்கம்மா, ரோடு என்ற சொல்லைக் கேட்டதும் இரண்டு கைப் பெருவிரலையும் உருட்டிக் கொடுத்தாள்.

"ஏனுங்க, நாம இன்னும் அந்த ஊட்டை வாங்கவே இல்லியே" என்றாள் சுசீலா.

"ஆபீசுல இதெல்லாம் நகரவே ரெண்டு வருசம் ஆகும். நீ பேசாம இரு."

எட்டே நாளில் நகர்ந்தது. மனுவைப் படித்த நகராட்சி அதிகாரி கண்கலங்கிவிட்டாராம். சர்வேயர் வந்து முளையடித்தார். அந்த வீட்டு வாசலில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, புழக்கடையில் ஒன்று.

"அடுப்படியில எதுக்குங்க முளை?" சுசீலாவின் குரல் கீச்சிட்டது.

"ரோடு அப்படித்தானுங்கம்மா வருது. வளைச்சா அந்தப் பக்கம் ஸ்கூல் செவுரு இடிக்குதில்ல?"

மாமா மறு ஞாயிறு வந்து முளையைப் பார்த்தார். "அடுப்படிக்குள்ள ஜீப்பு போற ஊட்டை எவன் வாங்குவான்?"

பாலசுப்பிரமணியம் மட்டும் கலங்கவில்லை. "நீங்க வாங்கறதா இருந்தா வாங்குங்க. இல்லீன்னா ரோட்டுக்காரங்க குடுக்கற நஷ்டஈடே எனக்குப் போதும்" என்று சிரித்தார்.

கருணாகரன் மனுவைத் திரும்ப வாங்க ஓடினான். அதிகாரியின் உதவியாளர் கையை விரித்தார். "நாப்பத்து மூணு பேரோட கண்ணீருங்க இது. வீட்டு உரிமையாளர் ஆட்சேபிச்சா மட்டும்தான் நிறுத்த முடியும்."

ஆகவே, வீட்டு விலையை ஏற்றுவதற்காகத் தானே கேட்ட ரோட்டை நிறுத்துவதற்காக, கருணாகரன் அந்த வீட்டை அவசரமாக வாங்கினான். வியாழக்கிழமை பத்திரப்பதிவு. வெள்ளிக்கிழமை ஆட்சேபணை மனு. ரோடு வந்தால் மலைச்சரிவு, மண்ணரிப்பு, குழந்தைகள் உயிருக்கு ஆபத்து என்று ஒன்பது பக்கம்.

அதிகாரிக்கு மறுபடியும் கண்கலங்கியது. "போன மனு எழுதினவரும் கெட்டிக்காரர்தான். ஆனா உங்க பக்கத்துலகூட அவர் நிக்க முடியாது" என்றவர், அந்தச் சரிவுக்கு இனி எக்காலத்திலும் சாலை அமைக்கப்படாது என்று உத்தரவே போட்டுவிட்டார்.

உத்தரவின் நகலைப் படித்த மாமா, போட்ட காப்பியைக் குடிக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். மூக்கம்மா ஒவ்வொரு வாசலாகப் போய், "ரோட்டை வரவெச்சுத் திருப்பி அனுப்பிச்ச மகராசன் குடிவர்றானுங்கோ" என்று தண்டோரா போட்டாள். வீட்டைப் பார்க்கப் படியிறங்கிய சுசீலாவுக்குக் குழாயடியில் நாற்பத்து மூன்று பேரும் முதுகைக் காட்டினார்கள்.

"எல்லாம் உன்னாலதான்" என்றான் கருணாகரன்.

"ரோடு நானா கேட்டேன்?"

"ஸ்கூலு நீதானே கேட்ட?"

ஆனால் பள்ளிச் சேர்க்கைக்குக் கடைசித் தேதியன்று ரோஸ்மேரி வரைபடத்தில் அளவுகோலை வைத்தாள். பிறகு அதை எடுத்துவிட்டாள். "செவுத்துக்குச் செவுரு ஒட்டியிருக்குது. இதுல அளக்கறதுக்கு என்ன இருக்குது? உங்க பொண்ணுதான் மொதல் சீட்டு."

சுசீலா பள்ளி வாசலிலேயே அழுதுவிட்டாள். மாமா கிடக்கிறார், மூக்கம்மா கிடக்கிறாள். விற்க முடியாவிட்டால் என்ன, யார் விற்கப் போகிறார்கள்? கோகிலா மணியடித்த பிறகு கிளம்பினாலும் நேரத்துக்குப் போய்விடுவாள்.

குடிபெயர்ந்த அன்று தூறல். லாரியோடு வந்த சுமை தூக்கும் ஒச்சப்பன் இரும்பு பீரோவை முதுகில் கட்டிக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு படியும் இறங்கி வந்து, வைத்துவிட்டு, மூச்சு வாங்கினான். சுசீலா அவனுக்குச் சுக்குக் காப்பி கொடுத்தாள்.

"லாரிக்குப் போகவர ரெண்டு வாடகை கேப்பியாட்ட இருக்குதே ஒச்சப்பா? திரும்பிப் போறப்ப காலியாத்தானே போறே?"

"காலியா ஏனுங்க போகுது? பாலசுப்பிரமணியம் சாரோட சாமானெல்லாம் மேல ரோட்டுல மூட்டை கட்டி ரெடியா இருக்குதில்ல? அதைத்தான் ஏத்திட்டுப் போறோம்."

"அப்படியா? அவரு எங்க, கோயம்புத்தூருக்கா குடிபோறாரு?"

ஒச்சப்பன் டம்ளரைக் கீழே வைத்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்க காலி பண்ணிட்டு வந்தீங்களே, அந்த வாடகை ஊட்டுக்குத்தானுங்க, எதுத்த கவர்மெண்ட் ஸ்கூல்ல அவரு பொண்ணைச் சேத்தாத்தான் நாலு எழுத்து உருப்படியாப் படிக்கும்னு, நீங்க எப்பப் போவீங்கன்னு சார் ரெண்டு வருசமாக் காத்துக்கிட்டு இருந்தாருங்களே!"