சிவப்புப் பம்புக்குச் சாபவிமோசனம்

தெருவில் எள் விழ இடமில்லை. மாடியில் ஆள், மதில்மேல் ஆள், தபால் பெட்டியின் தலையில்கூட ஒருவர் உட்கார்ந்திருந்தார். பச்சைச் சாமி வருகிறார்! தலைப்பாகை பச்சை, அங்கி பச்சை, செருப்பும் பச்சை. கையில் கோல் இல்லை, மணி இல்லை. பெயிண்ட் அடிக்கிற பிரஷ்!

சில மாதங்களுக்கு முன் தண்ணீர்ப் பரிசோதனைக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டு அடிபம்பிலும் தண்ணீர் பிடித்து, பாட்டிலில் ஊற்றி, பொடி போட்டு, மூடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தைச் செருகிக் காத்திருந்தார்கள். காகிதம் பழுப்பானால் தண்ணீரில் ஆர்சனிக் என்ற விஷம். பம்பின் மூக்கில் சிவப்புப் பெயிண்ட். வெள்ளையாகவே இருந்தால் பச்சைப் பெயிண்ட், தாராளமாகக் குடிக்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது புரியும். நம் தெருக்காரர்கள் அதற்கும் மேலே படித்தவர்கள்.

"பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி யாருக்காவது கையில புள்ளி இருந்துச்சா?" என்று ஒரு மேதை கேட்டார்.

இருந்தது. அந்த விஷத் தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்து வந்த புள்ளி; யாரும் பார்க்கவில்லை. பெயிண்ட் வந்த பிறகுதான் எல்லோரும் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஆகவே புள்ளி வந்தது பெயிண்டால்! சிவப்பு ஒரு சாபம்! சாபம் என்று ஒன்று கிளம்பிவிட்டால் அதை எடுக்க ஓர் ஆள் வராமலா இருப்பார்? வந்துவிட்டார், பிரஷோடு. ஒரு வாரமாகத் தெருத்தெருவாகச் சிவப்பைப் பச்சையாக்கிக்கொண்டிருந்தார்.

இன்று முதல் விமோசனம் சலூன்காரர் வீட்டில். அவருக்குப் பக்தி வந்த கதையே தனி. அவர் வீட்டுப் பம்பு சிவப்பு. பச்சைப் பம்பு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். மனைவிக்கு ஏழாம் மாதம் என்பதால் இரண்டு குடத்தையும் அவரே சுமக்க வேண்டும். கேட் மூடியிருக்கும். மூச்சு வாங்க வந்து கடையைத் திறந்தால், வாடிக்கைக்காரர் எதிர்க்கடையில் பாதி மழித்த முகத்தோடு அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். அப்படி ஒருநாள் குடத்தோடு வரும்போதுதான் சாமியின் போஸ்டர் கண்ணில் பட்டது. அந்த நிமிடமே அவர் உள்ளம் உருகிவிட்டது. நடக்க வேண்டாம் என்று சொல்கிற சாமியை யாருக்குத்தான் பிடிக்காது!

பயமும் இருந்தது. அவர் உள்ளங்கை முழுக்கச் சொரசொரப்பான முடிச்சுகள். "அண்ணே, சீப்பு எதுக்கு, கையாலயே சீவி விடுங்க" என்று கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். பிறக்கப்போகிற பிள்ளையை நினைத்தால் மட்டும் அந்தக் கையை மடக்கிக்கொள்வார்.

காணிக்கை, வீட்டுப் பெண்ணின் தங்கத் தோடு. தங்கம்தான் விஷத்தை இழுக்குமாம். பித்தளை இழுக்காதாம். விஷத்துக்குக்கூட தரம் பார்க்கத் தெரிகிறது!

"தோட்டைக் கழட்டி வை" என்று முந்தின நாளே மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"சாபம் போயிருச்சுன்னு எப்படிங்க தெரியும்?"

"சாமியே டெஸ்ட் பண்ணிக் காட்டுவாரு. அதே மாதிரி பாட்டில், பொடி, காகிதம். காகிதம் வெள்ளையாவே இருக்குமாம்."

"அப்படியா? சரி, வரட்டும்."

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. சலூன்காரர் அவளை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

சாமி பம்பைச் சுற்றினார். முணுமுணுத்தார். பச்சையைப் பூசினார். சலூன்காரர் பம்பை அடித்து ஒரு செம்புத் தண்ணீரை மனைவியிடம் கொடுத்தார். பாட்டிலைக் கழுவி ஊற்றி வருகிறேன் என்று உள்ளே போனவள், நிரம்பிய பாட்டிலோடு வந்தாள். சாமி தன் பொடியைப் போட்டு, தன் காகிதத்தைச் செருகி, கண்ணை மூடினார். திறந்தார். வெள்ளை!

"பச்சைச் சாமி வாழ்க!" என்று தெரு அதிர்ந்தது. சாமி கையை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க சாமி" என்றாள் சலூன்காரர் மனைவி. "இது நீங்க மந்திரிச்ச தண்ணி இல்ல. காலையில, நீங்க வர்றதுக்கு முன்னாடி, பம்பு சிவப்பா இருந்தப்பவே பிடிச்சு வச்சது. மந்திரிச்ச தண்ணி செம்போட அடுப்படியில இருக்கு. சாபம் உள்ள தண்ணிக்கும் உங்க காகிதம் வெள்ளையா இருக்கே, எப்படி?"

சாமி ஒரு கணம் விழித்தார். ஒரே கணம்தான். தொழிலில் பழுத்தவர் அல்லவா!

"நான் தெருமுனையில கால் வச்சதுமே சாபம் ஓடிருச்சும்மா!"

"ஆமா, ஆமா!" என்று கூட்டம் தலையாட்டியது. தலையாட்ட மூளை எதற்கு, கழுத்து போதுமே!

"அப்போ டெஸ்ட் அக்காவும் ஒரு தடவை பார்க்கட்டும்" என்றாள் அவள்.

பரிசோதனைக்காரப் பெண் அவள் சொல்லித்தான் வந்திருந்தாள். இரண்டு பாட்டில் எடுத்தாள். ஒன்றில் அதே காலைத் தண்ணீர். இன்னொன்றில் சலூன்காரர் அன்று காலை ரயில்வே கேட் தாண்டிச் சுமந்து வந்த தண்ணீர். இரண்டிலும் ஒரே பொடி, ஒரே கட்டிலிருந்து காகிதம். இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றாள்.

சாமிக்கு உடனே அடுத்த தெரு ஞாபகம் வந்துவிட்டது. சலூன்காரர் விடவில்லை. "இருங்க சாமி, சாபம் ஓடினதை ஊரே பார்க்கட்டும்" என்று பக்தியோடு கையைப் பிடித்துக்கொண்டார். பாவம், அப்போதும் நம்பித்தான் பிடித்தார்.

காலைத் தண்ணீரின் காகிதம் மஞ்சளாகி, பழுப்பாகியது. மற்றது வெள்ளையாகவே இருந்தது.

"அவ காகிதம் எல்லாத்துக்கும் கறை புடிக்கும்!" என்று சாமி கத்தினார்.

"அப்போ இது ஏன் புடிக்கல?" என்று கேட்டது சலூன்காரர். பிடித்த கையை விடவில்லை. "இந்தத் தண்ணியச் சுமந்தவன் நான். கேட்டுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணி. உங்க காகிதத்துக்கு எல்லாமே நல்ல தண்ணியா இருந்தா, டெஸ்ட் எதுக்கு சாமி?"

பரிசோதனைக்காரப் பெண் சாமியின் பொடியைத் தொட்டுப் பார்த்தாள். "மைதா மாவு."

"அதான் போஸ்டர் அவ்வளவு நல்லா ஒட்டியிருக்கு" என்றாள் சலூன்காரர் மனைவி.

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவே அடுத்த தெருப் பெண் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் காதில் தோடு இல்லை. "ஒரு வாரமா பச்சையாச்சுன்னு என் புள்ளைக்கு அந்தத் தண்ணியத்தானே குடுத்தேன்!" சிரிப்பு நின்றது. போன வாரம் காலைத் தொட்டுக் கும்பிட்ட கைகளே சாமியின் அங்கியைப் பிடித்து நிறுத்தின. இடுப்பு மடிப்பிலிருந்து தோடுகள் கொட்டின. தோடு கிடைத்துவிட்டது; குடித்த தண்ணீரை எந்த மடிப்பில் தேடுவது?

சலூன்காரர் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்கவில்லை. பரிசோதனைக்காரப் பெண்ணிடம் சிவப்புப் பெயிண்டை வாங்கி, ஈரம் காயாத பச்சையின் மேல் தன் கையாலேயே பூசினார். பிறகு குடத்தை எடுத்தார்.

தபால் பெட்டியிலிருந்து இறங்கி வந்தவர் கிசுகிசுத்தார். "இருந்தாலும் அண்ணே, அந்தச் சிவப்புல ஏதாவது தோஷம் கீஷம்..."

"நீ பெயிண்டைக் குடிக்கிறியா, தண்ணியக் குடிக்கிறியா?"

அவர் யோசித்தார். அந்தத் தெருவில் ஒருவர் யோசித்தது அன்றுதான். நீங்களும் செய்து பார்க்கலாம்; அதற்குத் தோட்டைக் கழற்ற வேண்டியதில்லை.